வைப்ரோ ஹாமரும் கொழும்புக் களிமண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பைலிங் வேலையும், அதாவது பைல் என்கிற நீண்ட தூண்களையும் தகடுகளையும் மண்ணுக்குள் இறக்குவதும், அதிர்வு அளப்பதும்தான் என் பிழைப்பு. தகர வேலிக்கு உள்ளே நிற்கிற புது இஞ்ஜினியர்மாரும் வெளியே நின்று எட்டிப் பார்க்கிற அயல்வீட்டுக்காரரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன், இலேசானது முதலில், சிக்கலானது பின்னால்.

அந்த மெஷின் பைலை அடிக்குதா, ஆட்டுதா? சத்தம் மட்டும் ஒரே இரைச்சலா வருது.

ஆட்டுகிறது. வைப்ரோ ஹாமர் என்பது பைலை அதிரவைத்து இறக்குகிற மெஷின். உள்ளே மையம் விலகிய எடைகள் சோடி சோடியாக எதிரெதிர்த் திசையில் சுழலும். பக்கவாட்டு இழுப்புகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், மேலும் கீழுமான இழுப்புகள் மட்டும் சேர்ந்து மிஞ்சும். வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 1,200 முதல் 2,400 சுற்று, அதாவது 20 முதல் 40 ஹேர்ட்ஸ். பைலின் தலையைக் கிளாம்ப் கவ்விப் பிடித்திருப்பதால் ஹாமரும் பைலும் ஒரே உடம்பாக அதிரும். பைலை இறக்குவது பெரும்பாலும் சொந்தப் பாரம், மண்ணின் பிடியைத் தளர்த்திக் கொடுப்பதுதான் அதிர்வின் வேலை.

இந்த முறையைப் பெரிய அளவில் களத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சோவியத் ஒன்றியத்தின் பார்க்கன். 1949-50 அளவில் கோர்க்கி நீர்மின் நிலைய வேலையில் ஷீட் பைல்களை (ஒன்றோடொன்று பூட்டிச் சுவராக நிற்கும் இரும்புத் தகடுகளை) இப்படி இறக்கினார்கள். அங்கே இருந்தது தண்ணீர் ஊறிய மணல். இந்த மெஷினுக்கு இருக்கிற நல்ல பெயரில் பெரும்பகுதி மணலில் எடுத்த பெயர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே தெரியும்.

மணல்ல ரெண்டு நிமிஷத்தில போன பைல் களியில ஏன் மல்லுக்கட்டுது?

மணலின் பலம் முழுவதும் மணிகள் ஒன்றோடொன்று அழுத்தி உரசுவதில் இருக்கிறது. அதிர்ந்தால் மணிகள் ஒரு கணம் பிடியை விடும், இடையில் தண்ணீர் இருந்தால் அதன் அழுத்தமும் ஏறும், பைல் வழுக்கிக்கொண்டு போய்விடும். களியில் துணிக்கைகள் மிக நுண்ணியவை, ஒன்றையொன்று பிடித்துவைத்திருக்கிற ஒட்டும் வேறு. பைல் மேலே போனால் ஒட்டிய களியும் மேலே போகும், கீழே வந்தால் கூடவே வரும். பைலுக்கும் மண்ணுக்கும் இடையில் வழுக்கல் நடக்காவிட்டால் மெஷின் கொடுக்கிற சக்தி முழுவதும் சுற்றியிருக்கிற மண்ணை ஆட்டுவதிலேயே செலவாகிவிடும்.

வழுக்க வேண்டுமென்றால் பைல் ஆடுகிற தூரம், மண் அறுபடாமல் இழுபட்டுக்கொடுக்கிற தூரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கணக்குகளில் அதற்கு வழக்கமாகப் போடுகிற எண் சுமார் 2.5 மில்லிமீற்றர். அதைத் தாண்டி ஆயிரக்கணக்கான தடவை அறுபட்டால்தான் பைலை ஒட்டிய மெல்லிய படை குழைந்து பலம் இழக்கும்.

அப்ப வைப்ரோ களிக்குச் சரிவராது எண்டு சொல்லுறது உண்மையா?

பாதி உண்மை. எவ்வளவு இறுகிய களி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 400 மில்லிமீற்றர் அகலமான சாதாரண ஷீட் பைல் ஒன்றை எடுங்கள், மண் தொடுகிற சுற்றளவு சுமார் 1.2 மீற்றர். 12 மீற்றர் ஆழம், களியின் வெட்டுப் பலம் (அறுபடாமல் தாங்குகிற அளவு) 20 கிலோபாஸ்கல் என்றால் பக்கப் பிடி முழுவதும் சேர்ந்து 288 கிலோநியூட்டன். அதிர்வில் குழைந்து பலம் நாலில் ஒன்றாகக் குறைந்தால் 72 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட ஏழு தொன். ஹாமரின் பாரமும் பைலின் பாரமும் சேர்ந்தே அதற்குக் கிட்ட வந்துவிடும், மிச்சத்தை அதிர்வு பார்த்துக்கொள்ளும்.

அதே பைலை 100 கிலோபாஸ்கல் பலமுள்ள இறுகிய களியில் வையுங்கள். 1,440 கிலோநியூட்டன். இறுகிய களி குழைந்தாலும் அவ்வளவாக இளகாது, பாதியாகக் குறைந்தாலும் எழுபது தொன்னுக்கு மேல். அங்கே வைப்ரோவோடு மல்லுக்கட்டுவது டீசலுக்குப் பிடித்த கேடு, முன்கூட்டியே ஓகர் போட்டுத் துளையுங்கள், இல்லாவிட்டால் இடி ஹாமருக்குப் போங்கள்.

களி தண்ணியா மாறிடாதா? லிக்விஃபாக்ஷன் எண்டு படிச்சனே.

நீங்கள் படித்தது தளர்ந்த மணலுக்கும் களித்தன்மை குறைந்த வண்டலுக்கும் உரியது. சாதாரணக் களியில் நடப்பது குழைவு. சட்டித் தயிரைக் கரண்டியால் கலக்கினால் கட்டி உடைந்து இளகுகிறதே, உள்ளே தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை, கட்டமைப்புத்தான் உடைந்தது. களியிலும் அதுதான் நடக்கிறது, ஆனால் பைலை ஒட்டிய குறுகிய வளையத்துக்குள் மட்டும். அந்த வளையத்துக்கு வெளியே களி ஏறத்தாழ பழைய பலத்தோடு இருக்கும்.

குழையாத பலத்தைக் குழைந்த பலத்தால் வகுத்தால் வருவது உணர்திறன். பெரும்பாலான களிகளுக்கு 2 முதல் 4, கொஞ்சம் நுட்பமானவற்றுக்கு 8 வரை. நோர்வே, சுவீடன், கிழக்குக் கனடா பக்கம் 16ஐயும் தாண்டுகிற களி இருக்கிறது, குலுங்கினால் உண்மையாகவே ஓடுகிற வகை. உப்புக் கடலில் படிந்து, பனிக்கட்டியின் பாரம் நீங்கி நிலம் மேலெழுந்த பிறகு மழைநீர் உப்பைக் கழுவிக்கொண்டுபோன மண் அது. யூடியூபில் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு ராஜகிரியவில் இருந்து எனக்கு போன் எடுக்க வேண்டாம்.

கொழும்பில களி எங்க இருக்கு? எங்கட வளவுக்குக் கீழயும் இருக்குமா?

மேட்டு நிலங்களில் மேலே கபுக் என்கிற சிவந்த லட்டரைட் மண், அதன் கீழே சிதைந்த பாறை, அப்புறம் கடினப் பாறை. பள்ளங்களில்தான் கதை மாறும். கொலன்னாவை, ராஜகிரிய, கிருலப்பனை, பத்தரமுல்லைப் பக்கத்துத் தாழ்நிலங்கள், வடக்கே முத்துராஜவெல என்று எங்கெல்லாம் ஒரு காலத்தில் சதுப்பும் வயலும் கால்வாய்க் கரையும் இருந்தனவோ அங்கெல்லாம் பீட்டும் இளகிய கரிமக் களியும் இருக்கும். மேலே கிரவல் கொட்டி நிரப்பி வீடு கட்டியிருப்பதால் பார்த்தால் தெரியாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரையோரம் மணல் பட்டை, ஆனால் அதிலிருந்து கொஞ்சம் உள்ளே கால்வாய்ப் பக்கம் போனால் மண் வேறு. துறைமுக நகரத்தின் 269 ஹெக்டேயர் கடல் மணலால் நிரப்பியது, அங்கே அதிர்வு கொடுத்தது மண்ணை இறுக்குவதற்கு.

ஒரே ஒழுங்கையில் மேல் முனையில் கபுக்கும் கீழ் முனையில் பீட்டும் இருப்பது இங்கே சாதாரணம். அடுத்த வளவின் போர்ஹோல் ரிப்போர்ட்டை இரவல் வாங்கி உங்கள் வளவுக்கு டிசைன் செய்ய வேண்டாம் என்று நான் தலைதலையாய் அடித்துக்கொள்வது இதனால்தான்.

பீட்டும் களியும் ஒண்டுதானே, ரெண்டும் கறுப்புச் சேறுதானே?

இல்லை. பீட் என்பது பாதி மக்கிய செடிகொடி. அதன் ஈரப்பதன் காய்ந்த எடையோடு ஒப்பிட்டால் பல நூறு சதவீதம் போகும். நார் இருப்பதால் களி மாதிரி ஒழுங்காகக் குழையாது, கிழியும், அமுங்கும், தண்ணீரைக் கக்கும். பைல் அதற்குள் சொந்தப் பாரத்திலேயே இறங்கிவிடும், சில வேளை கிளாம்ப் பிடித்திருக்கும்போதே ஒரேயடியாக ஓடும், அதனால் கிரேன்காரர் வயரைத் தளரவிடாமல் இருக்க வேண்டும். பீட்டுக்குள் பைல் இறங்குவது ஒருநாளும் பிரச்சினை இல்லை. அது பிற்பாடு வருடக்கணக்காக அமுங்கிக்கொண்டே இருப்பதுதான் பிரச்சினை, 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதையின் கீழே மண்ணைப் பலப்படுத்த அவ்வளவு செலவழித்ததும் அதற்காகத்தான்.

பைல் உள்ளுக்குப் போனா அந்த இடத்தில இருந்த மண் எங்க போகும்?

மணல் என்றால் இறுகி இடம் கொடுக்கும். தண்ணீர் நிறைந்த களி அந்தக் குறுகிய நேரத்தில் இறுகாது, ஏனென்றால் இறுக வேண்டுமானால் தண்ணீர் வெளியேற வேண்டும், களிக்குள் தண்ணீர் நகர வாரம், மாதம் எடுக்கும். ஆகவே கன அளவு மாறாமல் மண் பக்கத்துக்கும் மேலுக்கும் தள்ளுப்படும். 300 மில்லிமீற்றர் சதுரக் கொங்கிரீட் பைல் 15 மீற்றர் போனால் 1.35 கனமீற்றர் மண் எங்கேயாவது போயாக வேண்டும். ஐம்பது பைல் அடித்தால் கணக்கை நீங்களே போடுங்கள். நிலம் உப்பும், மதில் சாயும், முதலில் இறக்கிய பைல் பின்னால் இறக்கும் பைலால் மேலே தூக்குப்படும்.

ஷீட் பைலில் இது மிகக் குறைவு. மேலே சொன்ன 12 மீற்றர் ஷீட் பைல் ஒன்று தள்ளுவது 0.1 கனமீற்றருக்கும் குறைவான மண்.

நேற்று லேசா இறங்கின பைலை இண்டைக்குத் திரும்ப ஆட்டினா அசையவே மாட்டேங்குது. மெஷின் பழுதா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, மண் இரவில் வேலை செய்திருக்கிறது. பைல் இறங்கும்போது தள்ளுப்பட்ட களிக்குள் அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம் ஏறும். பத்து நிமிடம் 25 ஹேர்ட்ஸில் ஆட்டினால் 15,000 சுற்று, ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டமைப்பை உடைத்து அந்த அழுத்தத்தைக் கூட்டும். நிறுத்தியவுடன் இரண்டு விஷயம் தொடங்கும். குழைந்த களி சும்மா கிடக்கும்போதே கொஞ்சம் பலத்தை மீட்கும், அது மணிக்கணக்கில் நடக்கும். ஏறிய நீரழுத்தம் மெல்ல வடியும், வடிய வடிய களி பைலைச் சுற்றி இறுகும், அது நாள்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும்.

சீட், ரீஸ் என்ற இருவர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் களியில் 150 மில்லிமீற்றர் குழாய்ப் பைல் ஒன்றைப் பரிசோதித்து 1957இல் எழுதியது இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது: இறக்கிய சில மணிநேரத்தில் தாங்கிய சுமையைவிட ஒரு மாதம் கழித்து ஐந்து மடங்குக்கு மேல் தாங்கியது. இதனால் சைட்டில் ஒரு கட்டாய விதி. களியில் பைலைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், வெள்ளிக்கிழமை மாலை பாதியில் விட்டுவிட்டுத் திங்கள் வந்து மல்லுக்கட்டாதீர்கள்.

அப்ப லோட் டெஸ்ட் எத்தனை நாள் கழிச்சு வைக்கலாம்?

மெல்லிய ஷீட் பைல், எச் வடிவ இரும்புப் பைல் என்றால் சீக்கிரம். பருத்த பைல் என்றால் பொறுக்க வேண்டும், ஏனென்றால் நீரழுத்தம் வடிகிற நேரம் விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். மேலே சொன்ன 150 மில்லிமீற்றர் குழாய் ஒரு மாதத்தில் அடைந்த நிலையை அதே களியில் 450 மில்லிமீற்றர் பைல் அடைய ஒன்பது மடங்கு காலம் வேண்டும் என்று கணக்குச் சொல்லும். யாரும் அவ்வளவு காத்திருப்பதில்லை. நடைமுறையில் களிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் விட்டுத் திரும்ப அடித்துப் பார்ப்பார்கள், மிச்ச வளர்ச்சியை நாளின் லொக் (மடக்கை) அளவோடு நேர்கோட்டில் ஏறுகிறது என்று வைத்து மதிப்பிடுவார்கள். மூன்றாம் நாளே டெஸ்ட் வைத்துப் பைல் தோல்வி என்று எழுதிக்கொடுத்தால் அது பைலுக்குச் செய்கிற அநியாயம்.

போகாட்டி இன்னும் ஃபாஸ்டா சுத்திற மெஷின் போட்டா சரிதானே?

களியில் இது தலைகீழ். மண் பிடிக்காமல் தொங்கும்போது பைல் ஆடுகிற தூரம் சுழலும் வேகத்தில் தங்கியிருக்கவே இல்லை, விலகிய எடையின் திருப்பத்தை (எடையை அது மையத்திலிருந்து விலகிய தூரத்தால் பெருக்கியதை) அதிரும் மொத்தப் பாரத்தால் வகுத்தால் வருவதுதான். திருப்பம் 46 கிலோகிராம்-மீற்றர், ஹாமரும் கிளாம்பும் பைலும் சேர்ந்து 6,000 கிலோ என்றால் மேலே 7.7, கீழே 7.7, மொத்தம் 15 மில்லிமீற்றர் அளவில் ஆடும். 1,600 சுற்றில் இந்த மெஷினின் விசை 1,290 கிலோநியூட்டன், சுமார் 130 தொன். வேகத்தை ஏற்றினால் விசை வர்க்கத்தில் ஏறும், ஆடும் தூரம் ஏறாது. மண் பிடித்தபின் 15 மில்லிமீற்றர் சுருங்கி 3, 4 ஆகிவிடும், இரண்டாவது பதிலில் சொன்ன 2.5ஐ நெருங்கினால் பைல் நின்றுவிடும்.

ஆகவே களிக்கு வேண்டியது பெரிய திருப்பமும் குறைந்த வேகமும். இங்கேதான் தலைவலி. அயல் வீடுகளுக்கு நல்லது நேர் எதிரானது, அதிவேகமும் சிறிய ஆட்டமும். களி கேட்பதைக் கொடுத்தால் அயலவர் பொலிசுக்குப் போவார், அயலவர் கேட்பதைக் கொடுத்தால் பைல் இறங்காது. நெருக்கமான வளவில் இறுகிய களி என்றால் நான் முதலில் கேட்பது வைப்ரோ தேவைதானா, ஷீட் பைலை அழுத்தி இறக்குகிற மெஷின் கொண்டுவர முடியாதா என்றுதான். அழுத்தி இறக்குவதற்குக் களி நல்ல மண்.

வீடு ஆடுது தம்பி, கண்ணாடி அலுமாரி கிடுகிடுக்குது. விழுந்திடுமோ?

பயப்படாதீங்கோ அம்மா, ஆனால் அளந்து பார்ப்போம். மனித உடம்பு மிகவும் கூர்மையான கருவி. வீட்டுக்குள் நொடிக்கு 0.3 மில்லிமீற்றர் அதிர்வையே உணர்வோம், 1 மில்லிமீற்றர் வந்தால் முறைப்பாடு வர வாய்ப்பு அதிகம் என்று பிரித்தானிய வழிகாட்டிகள் சொல்கின்றன. பூச்சில் மயிரிழை வெடிப்பு வருவதற்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். குறுகிய நேர அதிர்வுக்கு ஜெர்மன் தரம் சாதாரண வீட்டின் அத்திவாரத்தில் 10 ஹேர்ட்ஸுக்குக் கீழே 5 மில்லிமீற்றர், நுட்பமான பழைய கட்டடத்துக்கு 3 என்று வைக்கிறது. பிரித்தானியத் தரம் 4 ஹேர்ட்ஸில் 15 வரை போகும், ஆனால் அதுவும் குறுகிய நேர அதிர்வுக்கு. வைப்ரோ மாதிரித் தொடர்ந்து ஆட்டினால் பாதியாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

இங்கே மத்திய சுற்றாடல் அதிகார சபையின் இடைக்காலத் தரம் கட்டடங்களை வகை பிரித்து, தொடர் அதிர்வுக்கும் இடைவிட்ட அதிர்வுக்கும் வெவ்வேறு எல்லை வைத்திருக்கிறது. சைட் அளவீட்டை அதோடுதான் ஒப்பிட வேண்டும், கூகிளில் கிடைத்த அமெரிக்க அட்டவணையோடு அல்ல.

ஓடும்போது பரவாயில்ல, தொடங்கும்போதும் நிப்பாட்டும்போதும்தான் ஜன்னல் கடகடக்குது. ஏன்?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மண் படைக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. வெட்டு அலை நொடிக்கு 80 மீற்றர் வேகத்தில் போகிற இளகிய களி 5 மீற்றர் தடிப்பு என்றால், வேகத்தை நாலு மடங்கு தடிப்பால் வகுக்க 4 ஹேர்ட்ஸ். வீட்டின் மாடித் தளங்களுக்கு 10 முதல் 30 வரை. மெஷின் பூச்சியத்திலிருந்து 27 ஹேர்ட்ஸுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் இவற்றையெல்லாம் கடந்து போகிறது, கடக்கிற அந்தச் சில நொடிதான் கடகடப்பு. எடைகளைச் சமன் செய்துவிட்டு முழு வேகத்துக்கு ஏறியபின் மட்டும் விலக்கம் கொடுக்கிற மெஷின்கள் இருக்கின்றன. வாடகை கூட, நெருக்கமான ஒழுங்கையில் அந்தக் காசு வீண் போகாது.

களி மெத்துதானே, அதிர்வை உறிஞ்சிடாதா?

இளகிய மண் அதிர்வை வெட்டிவிடும் என்று நம்ப வேண்டாம். அதில் அலை மெதுவாகப் போகும், குறைந்த அதிர்வெண்ணில் பெரிதாக ஆடும், மேலே கிரவல் நிரப்பிய தட்டு இருந்தால் அது முழுப் பலகையாக ஆடும். தூரம் கூடக் கூடக் குறையும், அவ்வளவுதான்.

பைல் அடிச்ச மாதம் வீட்டுக்கு ஒண்டும் நடக்கேல்ல. ஆறு மாதம் கழிச்சுச் சுவர் வெடிச்சிருக்கு. அவங்க தங்கட வேலை இல்ல எண்டுறாங்க.

அதிர்வு அறிக்கையை நீட்டி, எல்லையைத் தாண்டவில்லை என்பார்கள். அறிக்கை உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் விஷயம் முடிந்துவிடாது. களியில் சேதம் பெரும்பாலும் ஆட்டத்தால் வருவதில்லை, அமுங்கலால் வருகிறது, அமுங்கல் பிந்தித்தான் வரும். ஏறிய நீரழுத்தம் வடியும்போது குழைந்த களி பழைய அளவைவிடக் கொஞ்சம் சுருங்கி இறுகும், முதலில் உப்பிய நிலம் உப்புவதற்கு முன்பிருந்த மட்டத்துக்கும் கீழே போகலாம்.

கொழும்பில் நான் பார்த்தவற்றில் இதைவிடப் பெரிய குற்றவாளிகள் இரண்டு பேர். ஒன்று, ஷீட் பைலுக்குள் தோண்டித் தண்ணீரை இறைப்பது. அயல் வளவின் கீழேயும் தண்ணீர் மட்டம் இறங்கும், பீட்டின் மேல் பாரம் கூடும், அது அமுங்கும். மற்றது, வேலை முடிந்து ஷீட் பைலைப் பிடுங்குவது, அடுத்த பதில் அதுதான். வெடிப்பு எப்போது வந்தது, சைட்டில் அந்த வாரம் என்ன வேலை நடந்தது என்று இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வரும்.

ஷீட் பைலைப் பிடுங்கிறதா, மண்ணுக்கயே விடுறதா?

பிடுங்கும்போது ஷீட்டின் மடிப்புக்குள் களி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு மேலே வரும். அந்த அளவு வெற்றிடம் கீழே மிஞ்சும், இரும்பின் தடிப்பைவிட அது பல மடங்கு பெரிது. மணலில் வெற்றிடம் உடனே இடிந்து மூடும், களியில் சில நாள் நின்று மெல்ல மூடும், அயல் மதில் அந்தப் பக்கம் சாயும். கான்களுக்கும் பைப்புகளுக்கும் தோண்டுகிற ஒடுக்கமான தெருக்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

எடுக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் இழுக்காமல் ஆட்டி ஒட்டை உடையுங்கள், கொஞ்சம் கீழே தள்ளிக்கூடப் பாருங்கள், பிறகு ஆறுதலாக இழுங்கள், வெற்றிடத்தை உடனுக்குடன் சீமெந்து-பென்டனைட் கலவையால் நிரப்புங்கள். இத்தனை நாள் கிடந்ததால் களியின் பிடி இறக்கிய நாளைவிட மிகக் கூடியிருக்கும் என்பது மேலேயுள்ள பதிலில் இருக்கிறது, ஆகவே இறக்கிய அதே மெஷினால் எடுக்கலாம் என்று விலை போட்டவர் கையைச் சுடுவார். அத்திவாரம் ஒட்டிய பக்கத்து ஷீட்டுகளை மட்டும் மண்ணுக்குள் விட்டு, மேல் இரண்டு மீற்றரை வெட்டி எடுப்பது பல இடங்களில் மலிவு. வீட்டுக்காரருக்கு நட்டஈடு கொடுப்பதோடு ஒப்பிட்டால் சொல்லவே வேண்டாம்.

வைப்ரோவில இறக்கின பைலுக்கு செட் எடுக்கேலாதே, எவ்வளவு தாங்கும் எண்டு எப்படித் தெரியும்?

செட் என்பது ஒவ்வோர் அடிக்கும் பைல் இறங்குகிற அளவு, இங்கே அடியே இல்லாததால் செட்டும் இல்லை. இறங்கும் வேகத்தை வைத்துத் தாங்குதிறனைச் சொல்கிற சூத்திரங்கள் இருக்கின்றன, களியில் நான் அவற்றை நம்புவதில்லை, ஏனென்றால் இறங்கும்போது நாம் அளப்பது குழைந்த மண்ணை, கட்டடம் நிற்கப்போவது மீண்டு இறுகிய மண்ணில். வைப்ரோவில் பெரும் பகுதியை இறக்கி, கடைசிச் சில மீற்றரை இடி ஹாமரால் முடித்து, சில வாரம் கழித்துப் பிடிஏ (அடிக்கும்போது பைலின் விசையையும் வேகத்தையும் அளக்கிற கருவி) பொருத்தித் திரும்ப அடிப்பதுதான் வழமை. முக்கியமான வேலைக்கு நிலைச்சுமைப் பரிசோதனையும் வேண்டும்.

கொழும்பின் உயர்ந்த கட்டடங்கள் ஏன் துளைத்து வார்க்கும் பைலில் பாறைக்குள் போய் நிற்கின்றன என்று சிலர் கேட்பார்கள். பாரம் பெரிது, நடுவில் இருக்கிற களியையும் பீட்டையும் யாரும் நம்புவதில்லை, பாறை எட்டிப்பிடிக்கிற ஆழத்தில் இருக்கிறது. இங்கே வைப்ரோவின் ராஜ்ஜியம் ஷீட் பைலும், துளை இடியாமல் பிடிக்கிற கேசிங் குழாயும்தான்.

கேசிங் போட்ட பைலுக்கு இந்தக் கதையெல்லாம் தேவையா?

கேசிங்கைப் பீட்டுக்கு ஊடாகக் கீழே உறுதியான மண்ணுக்குள் நன்றாக ஊன்றுங்கள். கொங்கிரீட் பச்சையாக இருக்கும்போது பக்கத்துக் கேசிங்கை ஆட்டாதீர்கள், தள்ளுப்படும் களி புதுக் கொங்கிரீட்டை நெரித்துக் கழுத்து மாதிரி ஒடுக்கிவிடும்.

ரிப்போர்ட்ல எஸ்பிடி 4 எண்டு இருக்கு. வைப்ரோ போகுமா சேர்?

போகும் என்று தோன்றும், ஆனால் அந்த 4ஐ வைத்துப் பந்தயம் கட்ட மாட்டேன். எஸ்பிடி என்பது போர்ஹோலுக்குள் குழாயை அடித்து, குறித்த தூரம் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவது, இளகிய களியில் அது மிகக் கரடுமுரடான அளவு, கம்பியின் பாரமே பாதி வேலையைச் செய்துவிடும். நமக்கு வேண்டியது இரண்டு எண்: குழையாத பலம், குழைந்த பலம். வேன் பரிசோதனையில் (இறக்கைத் தகடுகளை மண்ணுக்குள் சுழற்றி அளப்பது) முதலில் ஒருமுறை திருப்பி அறுத்து, பல சுற்றுக் குழைத்துவிட்டுத் திரும்ப அளந்தால் இரண்டும் கிடைக்கும். பீட்டில் நார் சிக்கி வேன் பொய் சொல்லும், அங்கே கூம்பு முனையை அழுத்தி இறக்கி அளக்கிற கோன் பரிசோதனையையும் சேர்த்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், 4 என்பது எந்த ஆழத்தில்? கொழும்பு வளவுகளில் ஷீட் பைலை மடக்குவது களி இல்லை. மேலே கொட்டிய நிரப்பில் புதைந்த பழைய கொங்கிரீட் துண்டும், கீழே களி முடிகிற இடத்தில் திடீரென்று வருகிற லட்டரைட் கட்டியும் சிதைந்த பாறையும்தான். மேல் இரண்டு மீற்றரைப் பெக்கோவால் தோண்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கீழே வேகம் சட்டென்று விழுந்தால் நிறுத்துங்கள், தொடர்ந்து ஆட்டினால் பூட்டு சூடேறி இரும்பு உருகி ஒட்டும், நிலம் ஆடும், பைல் ஒரு அங்குலமும் போகாது.

மழை பெய்த பிறகு அடிச்சா லேசா இருக்குமா?

மேல் காய்ந்த படை இளகும், அவ்வளவுதான். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே களி மாசியிலும் ஐப்பசியிலும் ஒரே ஈரம். மழையில் இளகுவது கிரேன் நிற்கிற தரை, அதைப் பாருங்கள்.

களி இறுகிப் பைலைப் பிடிக்கும் எண்டுறீங்க, பிறகு அதே களி பைலை இழுக்கும் எண்டும் சொல்லுறாங்க. எது சரி?

இரண்டும் சரி, யார் யாரைவிடக் கீழே போகிறார் என்பதுதான் கேள்வி. பைல் மண்ணைவிடக் கூடுதலாக இறங்க முயன்றால் பிடி மேல்நோக்கித் தாங்கும். மண் பைலைவிடக் கூடுதலாக அமுங்கினால் அதே பிடி கீழ்நோக்கி இழுக்கும். பாறையில் கால் ஊன்றிய பைல் அசையாது, சுற்றியிருக்கிற பீட்டின் மேல் இரண்டு மீற்றர் கிரவல் கொட்டியிருக்கிறீர்கள், அது வருடக்கணக்காக அமுங்கும், அப்போது பைலின் மேல் கட்டடப் பாரத்தோடு இந்த இழுவையும் சேரும். புதிதாக நிரப்பிய வளவில் களியின் பிடியைத் தாங்குதிறனில் கூட்டாதீர்கள், பாரத்தில் கூட்டுங்கள்.

கால்வாய்க் கரையைக் காப்பாத்த ஷீட் பைல் இறக்குறம். இறக்கும்போதே கரை சரியுமா?

சரியலாம், இந்தப் பட்டியலில் நான் உண்மையாகவே கவலைப்படுகிற கேள்வி இது. கரை நிற்பது களியின் பலத்தில். நீங்கள் வரிசையாகப் பைல் இறக்கிக்கொண்டு போகும்போது அந்தக் களியைக் குழைக்கிறீர்கள், நீரழுத்தத்தை ஏற்றுகிறீர்கள், அதற்கு மேல் நாற்பது ஐம்பது தொன் கிரேனைக் கரையின் விளிம்பில் நிறுத்துகிறீர்கள். பிடி திரும்ப வருவதற்கு நாள் வேண்டும், அதற்குள் அடுத்த பைல். கூடவே கால்வாய் மட்டம் இறங்கினால் முன்பக்கத்துத் தண்ணீரின் தாங்குதலும் போய்விடும்.

கிரேனைப் பின்னுக்கு எடுங்கள், அல்லது கால்வாயில் மிதவையில் நிறுத்துங்கள். அடுத்தடுத்து இறக்காமல் இடம் விட்டு இறக்கி, பிறகு வந்து இடைவெளியை நிரப்புங்கள். பூட்டுப் பொருந்த வேண்டுமே என்று சைட்டில் முணுமுணுப்பார்கள், சட்டம் கட்டி வழிகாட்டினால் பொருந்தும். கரையில் நீரழுத்தம் அளக்கிற பீசோமீற்றர் இரண்டும், விளிம்பிலிருந்து பின்னால் மரக்கட்டை வரிசையும் ஊன்றி, காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். நீரழுத்தம் முன்னைய மாலையைவிட அடுத்த காலை இறங்காமல் நின்றால் அன்றைக்கு வேறு பக்கம் வேலை பாருங்கள்.